நாலு புள்ளிக் கேள்வி

இரண்டாம் தடவை எழுதுகிறேன் உயர்தரம்.
கிரேக்க உரோம நாகரிகம்.
ஹப்புத்தளைக்கு மேலே, தோட்டப் பாடசாலையில்,
பதினொரு குடும்பத்துக்கு நடுவில்,
மெழுகுதிரியைப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு
படிக்கிறேன்.

எல்லாம் தண்ணீர் என்றான் ஒருவன்,
மிலேத்துத் துறைமுகத்துக்காரன்.
பூமி தண்ணீர்மேல் கிடக்கிறது
மரக்கட்டை மாதிரி;
அலை அசைந்தால் ஆடும்.
நிலநடுக்கம் அதுதான்,
கடல்சாமி கோபித்துச்
சூலத்தால் குத்தியதால் இல்லை.
அடிக்கோடு. நாலு புள்ளி.

போன வருஷம் இதைப் படித்துச் சிரித்தேன்.
முந்தாநாள் இரவு
பத்தாம் நம்பர் மலை
நின்றது நின்றபடி கீழே வந்தது.
ஒரு செடியும் சாயவில்லை.
நிரை பிசகாமல், கொழுந்தோடு,
தோணி மாதிரி மிதந்து வந்து
மாட்டுப்பட்டியில் தட்டி நின்றது.
இரண்டு பசு உள்ளே.
கட்டை என்றானே,
சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

அடுத்த பாயில் தங்கேஸ்வரி அக்கா
ரோதைமுனிக்குப் பூசை விட்டுப்போனது என்கிறாள்.
பெக்டரி மூடி ஏழு வருஷம்,
சேவல் அறுக்க யார் இருக்கிறார்கள்?
அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கிறது:
இடிக்கு ஒரு சாமி, கதிருக்கு ஒரு சாமி,
உலைக்கு ஒரு நொண்டிச் சாமி.
எங்களுக்குக் கவ்வாத்துக்கு, கொழுந்துக்கு, ரோதைக்கு.
அந்த நொண்டிச் சாமி இங்கே வந்திருந்தால்
பெக்டரியில் வேலை கிடைத்திருக்கும்.
அரைப்பேர்தான் போட்டிருப்பார்கள்.

இன்னொருவன் காற்று என்றான்.
காற்று இறுகினால் முகில்,
முகில் இறுகினால் தண்ணீர்,
பிறகு மண், பிறகு கல்.
இதை நம்ப எனக்குப் புத்தகம் வேண்டாம்.
நாலு மணிக்குத் தெற்குச் சரிவில் ஏறும் மூட்டம்
யன்னல் கம்பியில் ஈரம், தகரத்தில் சொட்டு,
விடிந்தால் வாசல் முழுக்கச் சேறு.
கல்லுக்குத்தான் இன்னும் கொஞ்சம்
காத்திருக்க வேண்டும்.

காலையில் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள்.
மஞ்சள் கம்பி நட்டார்கள். படம் எடுத்தார்கள்.
மழை இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீற்றர்.
ஆக, தண்ணீர் என்றே அவர்களும் எழுதினார்கள்.
இரண்டாயிரத்து அறுநூறு வருஷம் கழித்து
அதே விடை.

கான் வெட்டுக்கு நின்ற யோகராசா
யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
சம்பளப் புத்தகத்தின் பின்னட்டையைப் பிரித்து
என் முன்னால் வைத்தான்.
மேல்மலைக் கான் கடைசியாக வெட்டியது
இரண்டாயிரத்துப் பதினொன்று, மாசி.
அதற்குப் பிறகு ஆள் போடவில்லை.
கடுதாசி மூன்று:
துரைக்கு இரண்டு, கம்பெனிக்கு ஒன்று.
போட்ட திகதி இருக்கிறது.
பதில் என்ற இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு.

என் குறிப்புக் கொப்பியின் ஓரத்தில்
பொடி எழுத்தில் ஒன்று உண்டு.
காரணத்துக்கும் குற்றச்சாட்டுக்கும்
அவர்களிடம் ஒரே சொல்: அய்தியா.
பரீட்சைக்கு வராது என்று
சேர் தாண்டிப் போய்விட்டார்.
அவருக்குத் தமிழ் மறந்துபோயிருக்கும்.
லயத்துப் பீலிக்கரைச் சண்டையில்
நாங்கள் வேறு எப்படிச் சொல்கிறோம்?
"நீதானே எல்லாத்துக்கும் காரணம்."

கேள்வி: உலகம் எதனால் ஆனது என
ஆதிச் சிந்தனையாளர் விளக்கியவாற்றை எழுதுக.
எழுதினேன். தண்ணீர். நாலு புள்ளிக்குப் போதும்.
ஒரு வரி விட்டு
யோகராசாவின் திகதிகளையும்
பிரதி பண்ணி வைத்தேன்.
எந்தக் கேள்விக்கு என்று
இன்னும் தெரியவில்லை.

பிள்ளை எழும்பிவிட்டது.
பால் கரைக்க வெளிச்சம் கேட்கிறாள் தங்கேஸ்வரி அக்கா.
மெழுகுதிரியைக் கொடுத்துவிட்டேன்.
நெருப்பு என்றவனை
நாளைக்குப் படிக்கலாம்.